தரையை விடுங்கள், சுவர் இருக்கிறது

(ஈப்போவில் ஒரு வார இறுதிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈப்போவின் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் வேண்டுமானாலும் ஒரு சுற்று நடந்து பாருங்கள். வீட்டு முகப்பில் கார் நிறுத்துவதற்கென்று செலவு செய்து கூரை போட்டிருப்பார்கள். கார் சாலையோரத்தில் நிற்கும். முகப்பில் புல்வெட்டும் இயந்திரம், இரண்டு பழைய டயர், அடிமட்டத்தில் கொஞ்சம் காய்ந்துபோன பெயிண்ட் டின்கள், கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, எப்போதோ வாங்கி மீந்துபோன அரை மூட்டை சிமெண்டு எல்லாம் இருக்கும். சிமெண்டு கல்லாகிப் பல வருஷம் ஆகியிருக்கும். எண்பதாயிரம் வெள்ளிக் கார் மழையில் நனைகிறது. கல்லாய்ப் போன சிமெண்டு நிழலில் சுகமாக இருக்கிறது.

நான் பள்ளியில் வாழ்வியல் திறன் பாடம் நடத்தியவன். 2017-லிருந்து இடைநிலைப் பள்ளியில் அந்தப் பாடத்துக்குப் பதிலாக வடிவமைப்பும் தொழில்நுட்பமும் வந்துவிட்டது. நான் அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டேன். வீட்டில் பட்டறை போட இடம் பார்த்துச் சொல்லும்படி பழைய மாணவர்கள் இப்போது வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவார்கள்: "இடமே இல்ல சார்."

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் வரிசை வீடுகள் பெரும்பாலும் 20 அடி அகலம். முகப்பு 18 அடி நீளம் என்று வையுங்கள். பக்கத்துச் சுவரில் கை எட்டுகிற 7 அடி உயரம் வரைக்கும் எடுத்துக்கொண்டால் 126 சதுர அடி. ஒரு நல்ல படுக்கையறை அளவு அது. அந்தச் சுவரில் இப்போது என்ன இருக்கிறது? ஒரு நாள்காட்டி, ஒரு குழாய், போன தீபாவளிக்குக் கட்டிய விளக்குச் சரம். இடம் இருக்கிறது. நாம் அதைத் தரையில் தேடுகிறோம்.

இதைச் சொல்லிக்கொடுக்க நான் தேவையில்லை. ரப்பர் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்கே தெரிந்த வித்தை இது. சின்னக் கூடம், ஒரு அறை, பின்னால் அடுப்படி. அதில் ஏழு பேர், எட்டுப் பேர். பாராங் கத்தி உத்தரத்துக்கும் தகரத்துக்கும் இடையில் செருகியிருக்கும். பால் வெட்டும் உளி சுவரில் ஆணியில் தொங்கும். தோளில் சுமை தூக்கும் காண்டாக் கம்பு வாசலுக்கு மேலே இரண்டு ஆணிமேல் படுத்திருக்கும். தூண் வைத்து உயர்த்திக் கட்டிய பழைய லயமாக இருந்தால் விறகும் சைக்கிளும் வீட்டுக்கு அடியில். கீழே எதையும் போடமாட்டார்கள். ஏன்? இரவில் அந்தத் தரையில்தான் பிள்ளைகள் படுக்க வேண்டும். பாய் விரிக்கிற இடத்தில் யாராவது உளியைப் போட்டுவைப்பார்களா? நாம் தாமானுக்கு வந்தோம், கட்டில் வாங்கினோம். தரைக்கு அதுவரை இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

தோட்டத்தில் இன்னொன்றும் இருந்தது. ஆலைக்கும் பட்டறைக்கும் பொறுப்பாக ஒருவர் இருப்பார். இயந்திர எண்ணெயும் ஸ்பேனரும் அவர் கண்ணுக்குத் தெரியாமல் நகராது. எடுத்தால் கேட்பார், கொண்டுவராவிட்டால் லயம்வரைக்கும் தேடி வருவார். அவர் எப்படிக் காணாமல் போனார்? பேராக்கில் ரப்பர் வந்த கதை உங்களுக்குத் தெரியும்: 1877-இல் ஆங்கிலேய அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் கன்றுகளை நட்டார், அவற்றுள் ஒன்று என்று சொல்லப்படுகிற மரம் இன்னும் அங்கே நிற்கிறது. அந்தக் கன்றுகள் காடுகளைத் தோட்டங்களாக்கின, தோட்டங்கள் நம்மவர்களைக் கொண்டுவந்தன. பிறகு 1950-களில் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். தொழிலாளர்கள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். அப்படியும் பெரும்பாலான தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிப்போயின. குடும்பங்கள் லாரி பிடித்து டவுனுக்கு வந்தன. கருவிகளும் லாரியில் ஏறி வந்தன. பட்டறைப் பொறுப்பாளர் மட்டும் வரவில்லை.

அதனால் ஒழுங்கு என்றால் முதலில் தூக்கிப்போடு என்று சொல்கிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. இப்போது யூடியூபில் அப்படித்தான் சொல்கிறார்கள். தோட்டத்திலிருந்து வெளியேற்ற நோட்டீஸ் பார்த்த குடும்பத்தில் வளர்ந்த ஒருவரிடம் போய், "இந்தப் பழைய ஆணி உங்களுக்கு மகிழ்ச்சி தருகிறதா?" என்று கேட்டால் அவர் சுத்தியலை எடுப்பார். வளைந்த ஆணியைத் தட்டி நிமிர்த்தி மறுபடி அடித்த தலைமுறை அது. அவர்கள் சேர்க்கட்டும். ஆனால் சேர்ப்பதற்கு ஓர் அளவு வேண்டும், அந்த அளவைப் பெட்டியே சொல்லட்டும். பலகைத் துண்டுக்கு ஒரு பெட்டி. குழாய்த் துண்டுக்கு ஒன்று. மின்கம்பித் துண்டுக்கு ஒன்று. பெட்டி நிறைந்துவிட்டால், புதிதாக ஒன்று உள்ளே போக வேண்டுமானால் பழையது ஒன்று வெளியே வர வேண்டும். எது போக வேண்டும் என்று வாதம் பண்ணத் தேவையில்லை. ஒரு அடிக்குக் குறைவான பலகைத் துண்டுகளை முதலில் எடுங்கள், பாதிப் பெட்டி காலியாகும்.

வாங்குவதையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மிஸ்டர் டி.ஐ.ஒய். 2005-இல் கோலாலம்பூரில் ஒரே ஒரு கடையாகத் தொடங்கியது. இன்றைக்கு எந்தச் சின்ன டவுனிலும் இருக்கிறது. நல்லதுதான், ஏழை வீட்டிலும் அளவு நாடா இருக்கிறது. ஆனால் விலை மலிவானதும் தேடுவதற்குச் சோம்பல்பட்டு இன்னொன்று வாங்குகிறோம். ஒரு வீட்டில் அளவு நாடாக்களை எல்லாம் ஒரே மேசையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். வீட்டுக்காரருக்கே வெட்கமாகிவிட்டது. அவருக்கு அளவு நாடா பஞ்சம் இல்லை. அது எங்கே இருக்கும் என்கிற தகவல்தான் பஞ்சம்.

சரி, சுவருக்கு வருவோம். அதற்கு முன்னால் தோட்டத்துப் புகைக்கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பார்த்த இட ஒழுங்குகளில் அதுதான் சிறந்தது. ரப்பர் பாலில் தண்ணீர் கலந்து, அமிலம் ஊற்றி உறையவைத்து, மெஷினில் கொடுத்து சீட்டாக்குவார்கள். ஈரமான ரப்பர் சீட்டு கனமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். அதைத் தரையில் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். அதனால் நீளமான கம்புகளில் துணி காயப்போடுவதுபோல மடித்துத் தொங்கவிடுவார்கள். கம்புகள் வரிசை வரிசையாக, அடுக்கடுக்காக, கூரைவரை. சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையில் விரல் நுழைகிற இடைவெளி, அதன் வழியாகப் புகை போகும். 60 டிகிரி செல்சியஸ் வரை சூடு, நாலைந்து நாள். பெரிய தோட்டங்களில் இந்தக் கம்புகளைத் தண்டவாளத்தில் ஓடுகிற தள்ளுவண்டியில் ஏற்றியிருப்பார்கள். ஈரச் சீட்டு ஒரு பக்கம் உள்ளே போகும், காய்ந்த சீட்டு மறுபக்கம் வெளியே வரும். யாரும் உள்ளே நுழைந்து எதையும் தேட வேண்டியதில்லை.

இதில் நமக்கு வேண்டிய எல்லாமே இருக்கிறது. பொருள் தொங்குகிறது. பொருளுக்கும் பொருளுக்கும் நடுவே காற்று போகிறது. கனமானது சக்கரத்தில் நிற்கிறது. முதலில் வந்தது முதலில் வெளியேறுகிறது. 1965-இல் மலேசியத் தர ரப்பர் என்ற கட்டி ரப்பர் முறை வந்த பிறகு புகைக்கூடங்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. இப்போது எங்காவது ஒன்று நின்றால் அதற்குள் ஆட்டுக்கொட்டகை இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், கரி படிந்த சுவரில் கம்பு வைத்த துளைகள் தெரியும்.

நம் ஊரில் காற்று என்பது பெரிய விஷயம். தீபகற்பத்தில் அதிக மழை பெய்கிற டவுன் தைப்பிங். ஈப்போவும் பின்தங்கவில்லை. அக்டோபர், நவம்பரில் மூடிய அலமாரிக்குள் ஒரு உளியை வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள், செம்மண் பூசியது மாதிரி வரும். மேலைநாட்டுப் புத்தகங்களில் கருவி அலமாரிக்குக் கதவு போடச் சொல்வார்கள். அங்கே குளிர், தூசி. இங்கே கதவு போட்டால் உள்ளே துருவை வளர்க்கிறோம். திறந்த சுவர்தான் நமக்கு. பலகையையும் சுவரோடு ஒட்டாமல், நடுவே ஒரு விரல் கனத்துக்குச் சட்டம் வைத்து அடியுங்கள். மழையில் சுவர் ஈரம் இழுத்தாலும் பலகை இழுக்காது. வெட்டுகிற கருவிகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி துணியில் எடுத்துத் துடைத்தால் போதும்.

துளைப்பலகையை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். வரிசையாகத் துளை போட்ட பலகை, கொக்கி மாட்டுவது. கெடுதல் இல்லை. ஆனால் கடையில் கிடைக்கிற மெல்லிய அட்டைப்பலகை நம் ஈரத்தில் வயிறு தள்ளிவிடும், கொக்கியும் கருவியோடு சேர்ந்து கையில் வந்துவிடும். நான் சொல்வது வேறு ஒரு முறை, மேலைநாட்டுத் தச்சர்களின் பழைய முறை. 18 மில்லிமீட்டர் பிளைவூட்டில் ஐந்து அங்குல அகலத்துக்கு நீளமான பட்டைகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையையும் நீளவாக்கில் நடுவே, ரம்பத்தை 45 டிகிரி சாய்த்து இரண்டாக அறுங்கள். இப்போது இரண்டு துண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு விளிம்பு சரிவாக இருக்கும். ஒரு துண்டைச் சரிவு மேல்பக்கம் வருகிற மாதிரி, அந்தச் சரிவு சுவரை நோக்கி இறங்குகிற மாதிரி சுவரில் திருகுங்கள். சுவருக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு சின்ன வாய்க்கால் மாதிரிப் பள்ளம் கிடைக்கும். இன்னொரு துண்டைத் தலைகீழாகத் திருப்பி, கருவி வைக்கிற பலகையின் முதுகில் திருகுங்கள். அது பள்ளத்தில் போய் உட்காரும். பளு கூடக்கூட இன்னும் இறுக்கமாகச் சுவரைப் பிடிக்கும். ஆணி இல்லை, பசை இல்லை. தூக்கி எடுத்து எந்த இடத்திலும் மாட்டலாம். எட்டு அங்குலத்துக்கு ஒரு வரிசை என்று ஐந்து வரிசை போட்டால் அந்தச் சுவர் நம் சொல்படி கேட்கும்.

இந்த மாற்றி மாட்டுகிற வசதிக்காகத்தான் இதைச் சிபாரிசு செய்கிறேன். முதல் நாள் நாம் போடுகிற ஒழுங்கு எப்போதும் தப்பாகத்தான் இருக்கும். எந்தக் கருவி அடிக்கடி கைக்கு வருகிறது என்று வேலை செய்யும்போதுதான் தெரியும். ஆணியில் தொங்கவிட்டதை மாற்றச் சோம்பல்படுவோம். தூக்கி மாட்டுவது என்றால் மாற்றிவிடுவோம்.

சுவரைத் துளைக்கும்போது கொஞ்சம் யோசிக்க வேண்டும். பழைய வீட்டில் செங்கல் சுவர், 6 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், பட்டையையும் பூச்சையும் தாண்டிக் கல்லுக்குள் இறங்குகிற நீளத் திருகாணி போதும். பூச்சில் மட்டும் பிடித்தால் நிற்காது, கல்வரை போக வேண்டும். புதிய தாமான்களில் சிலவற்றில் சுவரே கான்கிரீட்டாக வார்த்தது. அங்கே தட்டிச் சுழலும் டிரில் வேண்டும், அந்தச் சுவரை உளி வைத்துக் கொத்தவே கூடாது, வீட்டைத் தாங்குவது அதுதான். சுவிட்சுக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளை போடாதீர்கள். கம்பி அந்த வழியில்தான் போயிருக்கும். 230 வோல்ட் நம்மை மன்னிக்காது.

பள்ளிப் பட்டறையில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கருவிப் பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் பின்னால் அதன் உருவத்தைக் கறுப்புப் பெயிண்டில் வரைந்திருப்போம். மணி அடித்ததும் பலகையைப் பார்த்தால் போதும், எண்ண வேண்டியதில்லை. கறுப்பு ரம்பம் தெரிந்தால் நிஜ ரம்பம் எங்கோ போயிருக்கிறது. உடனே வாசலில் நின்று, "யாரும் போகாதீங்க!" தோட்டத்துப் பொறுப்பாளர் வேலையை அந்தப் பலகையே செய்துவிடும். இதே யோசனை பிறகு ஜப்பானிலிருந்தும் வந்தது: 1982-இல் கிழக்கு நோக்கும் கொள்கை வந்தது.   ஜப்பான்காரர்களின் 5எஸ் ஒழுங்குமுறை தொழிற்சாலைகளிலும் அரசு அலுவலகங்களிலும் போஸ்டராக ஏறியது. பிரித்தெடு, அடுக்கு, துடை, நிலைப்படுத்து, பழக்கமாக்கு. நல்ல விஷயம்தான். ஆனால் சில அலுவலகங்களில் ஸ்டேப்ளரைச் சுற்றி மஞ்சள் டேப் ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மேசைமேல் ஒரே ஒரு ஸ்டேப்ளர், அது எங்கே போகும்? உருவம் வரைவது பலர் கைவைக்கிற இடத்துக்குத்தான். அப்பா, இரண்டு மகன்கள், ஒரு மருமகன் என்று நாலு பேர் புழங்கும் பட்டறையில் வரையுங்கள். நீங்கள் மட்டும் வேலை செய்கிற இடத்தில் பெயிண்டை வீணாக்க வேண்டாம்.

பலகைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நம் ரப்பர் மரமே இருக்கிறது. இருபத்தைந்து, முப்பது வருஷத்தில் பால் குறைந்ததும் மரத்தைச் சாய்ப்பார்கள். அந்தக் காலத்தில் அது விறகு. புகைக்கூடத்தில் எரிந்ததும் அதுதான். வெட்டிய சில நாளிலேயே நீலம் பாய்ந்து, வண்டு துளைத்து மாவாகிவிடும், யார் அதில் மேசை செய்வார்கள்? கெப்போங் வன ஆய்வு நிலையத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள், வெட்டியதும் தாமதிக்காமல் அறுத்து, அழுத்தத்தில் போரான் மருந்து ஏற்றி, சூட்டறையில் உலர்த்தினால் அது நல்ல மரம் என்று காட்டினார்கள். 1980-களில் அது ஏற்றுமதி நாற்காலியாகிக் கப்பலேறியது. நம் பாட்டி உளி வைத்த மரம் இப்போது ஐரோப்பாவில் சாப்பாட்டு மேசை. துண்டுகளைப் பல்லிணைப்பாகச் சேர்த்து ஒட்டிய ரப்பர் மரப் பலகை கடைகளில் கிடைக்கிறது. அடுக்குக்கு அருமையாக இருக்கும், திருகாணி நன்றாகப் பிடிக்கும். மழைபடுகிற இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். மண்ணைத் தொடவும் விடாதீர்கள். கரையான் தேடி வரும்.

சின்னச் சாமான்களுக்கு டின்தான். மைலோ டின், பிஸ்கட் டின். நம் வீடுகளில் டின் இல்லாத பட்டறை உண்டா? இதில் எனக்கொரு சின்ன மகிழ்ச்சி உண்டு. டின் என்பது இரும்புத் தகட்டின்மேல் மெல்லிசாக ஈயம் பூசியது. லண்டனில் பீட்டர் டுராண்ட் 1810-இல் உணவை அதில் அடைத்துக் காக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு உலகம் முழுக்க டப்பாவுக்கு ஈயம் வேண்டியிருந்தது, நம் கிந்தா பள்ளத்தாக்கு அதைத் தோண்டிக் கொடுத்தது. 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் ஈய விற்பனை நின்று விலை சரிந்தபோது இங்கே ஈயச் சுரங்கமான லம்பங்கள் மூடின. குளங்கள் மிச்சம். அந்த ஈயத்தில் கொஞ்சம் உங்கள் ஆணி டப்பாவில் ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆனால் டின்னில் ஒரு குறை, உள்ளே இருப்பது தெரியாது. எல்லா டின்னையும் திறந்து பார்த்துக்கொண்டே இருப்போம். புந்தோங்கில் கச்சாங் பூத்தே கம்பத்துக்குப் போயிருப்பீர்கள். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே கடலை வறுத்து, முறுக்குப் பிழிந்து, அங்கேயே பையில் போட்டு விற்ற இடம். வீடும் அதுவே பட்டறையும் அதுவே. அந்தக் கடலைக்காரர் தட்டு எப்படி இருக்கும்? தடுப்புத் தடுப்பாக, எல்லாம் கண்ணுக்கு முன்னால். கேட்டால் பார்க்காமலே கை அந்தத் தடுப்புக்குப் போகும். ஆணிக்கும் அப்படித்தான் வேண்டும். கண்ணாடி ஜாடி எடுங்கள், ஊறுகாய் ஜாடி, காப்பி ஜாடி எதுவானாலும். மூடியை அடுக்குப் பலகையின் அடிப்பக்கத்தில் திருகுங்கள். ஒரு திருகாணி போட்டால் மூடி சுற்றும், இரண்டு போட வேண்டும். ஜாடியை மூடியில் திருகித் தொங்கவிடுங்கள். ஒரு அங்குல ஆணி, ஒன்றரை அங்குல ஆணி எல்லாம் வரிசையாகக் கண்ணுக்குத் தெரியும். யாரும் பயன்படுத்தாத அடுக்கின் அடிப்பக்கம் அது, காசில்லாமல் கிடைத்த இடம்.

நீளமான சாமான்களுக்கு பிவிசி குழாய். நாலு அங்குலக் குழாயைச் சுவரில் படுக்கவைத்துக் கட்டினால் கம்பி, மெல்லிய சட்டம் எல்லாம் உள்ளே போய்விடும். இரண்டு அங்குலக் குழாயில் ஒரு பக்கம் நீளமாக வாய் வெட்டி அடுக்குக்குக் கீழே தொங்கவிட்டால் கை டிரில் அதில் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கும்.

வேலை மேசை பற்றிக் கேட்கிறவர்கள் எல்லாரும் பெரிய மேசை வேண்டும் என்கிறார்கள். வேண்டாம். பெரிய மேசை என்பது கால் முளைத்த தரை. ஒரு மாதத்தில் அதன்மேல் சாமான் ஏறிவிடும். சுவரில் கீல் வைத்த மடக்கு மேசை செய்யுங்கள். நாலடி நீளம், இரண்டடி அகலம். சுவரில் ஒரு கட்டையை நன்றாகத் திருகி, அதில் மூன்று கீல் போட்டு, முன்பக்கம் மடங்குகிற இரண்டு கால். வேலை முடிந்ததும் மடக்கினால் சுவரிலிருந்து நாலு அங்குலம்தான் நிற்கும். மடக்க வேண்டுமானால் மேலே எதுவும் இருக்கக் கூடாது. அதனால் ஒவ்வொரு நாளும் மேசை காலியாகும், வேறு வழியில்லை. உயரத்துக்கு அளவு நாடா வேண்டாம்: நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டு எலும்பு எங்கே வருகிறதோ அதுதான் உயரம். கனமான இயந்திரங்கள், கிரைண்டர், காற்றுப் பம்பு எல்லாம் பூட்டுகிற சக்கரம் வைத்த தள்ளுவண்டியில். புகைக்கூடத்து வண்டி மாதிரி வேண்டியபோது வெளியே வரட்டும்.

பட்டறை என்றதும் இங்கே ஆண்கள் எல்லாரும் தலையாட்டுகிறீர்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்களில் எத்தனை பேர் வீட்டில் ரவிக்கை தைக்கிறீர்கள்? அதுவும் பட்டறைதான், சொல்லப்போனால் வீட்டுக்குப் பணம் கொண்டுவருவது பல இடங்களில் அதுதான். ஆனால் மகனுடைய மோட்டார் சாமானுக்கு முழு முகப்பு, அம்மாவின் தையல் மெஷினுக்குக் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரு மூலை. நான் சொன்ன சரிவுப் பட்டை நூற்கண்டுக்கும் பொருந்தும். குச்சி அடித்த பலகையில் நிறவாரியாக நூல் நிற்கட்டும். அளவுக் கோலும் கத்தரியும் கை எட்டும் தூரத்தில் தொங்கட்டும். அந்தக் கத்தரியில் காகிதம் வெட்டக் கூடாது என்று ஒரு அட்டையும் தொங்கட்டும். முதலில் அந்த மூலையை ஒழுங்குபடுத்துங்கள், மோட்டார் காத்திருக்கும்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். கூரைத்தட்டுக்கு மேலே சாமான் ஏற்றாதீர்கள். அந்தத் தட்டு பளு தாங்கக் கட்டியதில்லை. பழைய வீட்டில், பழைய லயக்கூரையில் இருப்பது ஆஸ்பெஸ்டாஸாகவும் இருக்கலாம். அதைத் துளைத்தால் வருகிற தூசி நுரையீரலுக்கு எமன், தொடவே வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்து இடத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது தீயணைப்பு வண்டிக்கும் வடிகாலுக்கும் உள்ள இடம், மாநகர் மன்றம் ஒரு நாள் வந்து அள்ளிக்கொண்டு போகும், பட்டறையோடு மானமும் போகும். வெளியே வைக்கிற வாளியும் டயரும் தண்ணீர் பிடிக்கக் கூடாது. கவிழ்த்து வையுங்கள், டயரில் துளை போடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிடும் இடம் வைத்திருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உண்டு. டெங்கிக் காய்ச்சல் வந்தவர்களுக்கு அபராதம் சின்ன விஷயம். தின்னர், பெட்ரோல் இரண்டையும் வீட்டுக்குள் வைக்காதீர்கள், மின்கலம் சார்ஜ் பண்ணுகிற இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம். டிரில் மின்கலத்தை இரவு முழுக்கப் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வெயில் இறங்குகிற தகரத்துக்குக் கீழே மதியத்தில் சார்ஜ் பண்ணவும் கூடாது.

கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலையும் இதோடு சேர்க்கிறேன், பலருக்கும் அதே நிலைமைதான். வாடகை அடுக்குமாடியில் இருக்கிறார். சுவரில் துளை போட்டால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். முகப்பும் கிடையாது. அவருக்கு ஏணி முறை. மேல்தளத்தை எட்டச் சற்றே குறைகிற உயரத்தில் இரண்டு சட்டம், நடுவே ஐந்தாறு குறுக்குப் பட்டை, ஓர் ஏணி மாதிரி. குறுக்குப் பட்டை எல்லாம் சரிவாக அறுத்த பட்டைகள். சாமானை அதில் மாட்டிக்கொள்ளலாம். கனமானதைக் கீழ்ப் படியில் வைக்க வேண்டும். வெறுமனே சாய்த்துவைத்தால் பிள்ளைகள் இழுத்துக் கீழே தள்ளிவிடும். அதனால் மேல் முனையில் ஒரு தடித்த போல்ட்டும் நட்டும் வைத்து, போல்ட் தலையில் ஒரு மரக்கட்டை பொருத்தி, நட்டைத் திருகத் திருகக் கட்டை மேலே எழும்பிக் கான்கிரீட் தளத்தை அழுத்துகிற மாதிரி செய்ய வேண்டும். மேலே கான்கிரீட் தளம் உள்ள வீட்டில்தான் இது நடக்கும். கூரைத்தட்டுப் போட்ட மேல்மாடி என்றால் அலமாரியின் பக்கவாட்டில் ஏணியைக் கட்டிவிடலாம். அடிக்கட்டைக்குக் கீழே பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தால் டைல்ஸில் கீறல் விழாது. வீடு மாறும்போது நட்டைத் தளர்த்தி, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடலாம்.